பேசியவர்கள்

அவகிட்டக் கேக்காதீங்க தம்பி, பதில் வராது. தப்பா எடுத்துக்காதீங்க. திமிரு புடிச்ச புள்ளையில்லை, நெம்ப மரியாதையான புள்ளை. பேரு கவினயா. என்ற மகதான், ஒரே மக. கலியாணமாகி எத்தனையோ வருசம் கழிச்சுப் பொறந்தவ. முட்டாயி குடுக்கறீங்களா? குடுங்க, வாங்கிக்குவா. பாருங்க, வாங்கிக்கிட்டா. இப்பத் தின்ன மாட்டா, கையிலயே வெச்சுக்கிட்டு வருவா. அண்ணனுக்குத் தேங்க்ஸ் சொல்லு சாமி. செரி, பரவால்லீங்க, உடுங்க.

நீங்க எங்க போறீங்க, கோயமுத்தூருங்களா? நாங்களும் அங்கதான். தொண்டை டாக்டர் ஒருத்தரு நல்ல கைராசின்னாங்க. பெருசா ஒண்ணுமில்லீங்க, இவளுக்குப் பேச்சு கொஞ்சம் கம்மியாயிருச்சு. கம்மின்னா, மாசி மாசத்துல இருந்து வாயத் தொறக்கலை. இப்ப ஐப்பசி ஆச்சு. உள்ள சதை கிதை வளந்திருக்கும்னு நெனைக்கறேன். ஐஸ்கிரீம்னா உசுரு இவளுக்கு, அதுல வந்த வெனையா இருக்கும். என்ற சம்சாரம் நம்ப மாட்டேங்கறா. "அவ தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை, உங்க பள்ளிக்கூடத்தக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டுங்க"ங்கறா. கூட வரவும் மாட்டேன்னுட்டா.

காருக்கு வழியில்லாம பஸ்ல வர்றோம்னு நெனச்சுராதீங்க. ஊட்டுல கார் நிக்குது. ஆனா பாருங்க, கார்ல ஏறிக் கதவச் சாத்துனா ஒரே அமைதி. நானும் அவளும் மட்டும். போன தடவ சேலத்துக்கு அப்படித்தான் போனோம். போயிட்டு வர்றதுக்குள்ள எனக்கு வேண்டாஞ்சாமின்னு ஆயிருச்சு. பஸ்ஸுன்னா நாலு சனம் பேசும், கண்டக்டரு கத்துவாரு, உங்கள மாதிரி ஒரு நல்ல மனுசன் பக்கத்துல கெடைப்பாரு. பொழுது போயிரும் பாருங்க.

நானா? பேரு அர்த்தநாரி. பள்ளிக்கூடம் வெச்சு நடத்தறனுங்க. தாளாளர். நாமக்கல்லுல இருந்து கொஞ்சம் உள்ள. அதுக்கு முந்தி கோழிப்பண்ணை. இப்பவும் இருக்குது, மச்சினன் பாத்துக்கறான். சிரிக்காதீங்க. கோழி வளத்தவனுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குன்னு ஊருக்குள்ளயும் சிரிச்சாங்க. ஆனா நிர்வாகம்னா என்னன்னு நான் பண்ணையிலதான் கத்துக்கிட்டேன். ஷெட்டுக்குள்ள போகவே வேண்டாமுங்க எனக்கு. ஊட்டுல கட்டில்ல படுத்துக்கிட்டே சொல்லுவேன். தண்ணிக் கொழாய் அடைச்சுக்கிச்சுன்னா ஒரு சத்தம் போடும். பாம்பு பூந்தா அது வேற சத்தம். வெயில் தாங்கலைன்னா அது ஒரு மாதிரி இழுத்து இழுத்து வரும். எல்லாஞ் செரி, சத்தமே வரலைன்னு வெச்சுக்குங்க, ஷெட்டு அப்படியே அடங்கிப் போச்சுன்னா, சோத்துத் தட்ட அப்படியே போட்டுட்டு ஓடோணும். உள்ள நோவு வந்துருச்சுன்னு அர்த்தம். ஒரு நிமிசம் யோசிச்சீங்கன்னா மொத்த ஷெட்டும் போயிரும். அது அனுபவம், எந்தக் காலேஜுலயும் சொல்லித் தர மாட்டாங்க.

செரி, பள்ளிக்கூடத்துக்கு வாறேன். எல்லாரும் நடத்தற மாதிரித்தான் நடத்திட்டு இருந்தோம். அப்பறம் அக்கம்பக்கத்துல புதுசு புதுசாத் தொறக்க ஆரம்பிச்சுட்டானுங்க. ஒருத்தன் ரோபோங்கறான், ஒருத்தன் நீச்சல் கொளங்கறான், ஒருத்தன் குதிரையே வாங்கிக் கட்டிட்டான். மெய்யாலுமேங்க, குதிரை! நாமளும் எதாச்சும் பண்ணோணுமேன்னு பெங்களூருல இருந்து ஆலோசகர் ஒருத்தனை வரவழைச்சேன். சின்ன வயசு, சின்னத் தாடி. வந்து உக்காந்ததும் கேக்கறான், "சார், நீங்க இன்னிக்குச் சேக்கற கொழந்தை இருவது வருசங் கழிச்சு எப்பேர்ப்பட்ட ஒலகத்துல இருக்கப் போகுது, யோசிச்சுப் பாத்தீங்களா?" நான் எங்கீங்க யோசிச்சேன்? நான் யோசிக்கறது அடுத்த ஜூன் மாசத்து அட்மிஷன். எனக்கு வேர்த்துப் போச்சு.

எல்லா டீச்சரையும் பஸ்ல ஏத்திக்கிட்டு ஏற்காடு போனோம், திட்டம் போடறதுக்கு. ஓட்டல் செவுத்துல பெரிய தாளு ஒட்டி, ஆளுக்கொரு கலர் சீட்டக் குடுத்தான். "எதிர்காலப் பள்ளிக்கூடம்னா உங்களுக்கு என்ன தோணுது, எழுதி ஒட்டுங்க." ஒருத்தர் மரம்னு எழுதுனாரு, ஒருத்தர் சம்பளம்னு எழுதுனாரு, அது அவரு கவலை. அமலோற்பவம்னு ஒரு டீச்சரு, நான் பள்ளிக்கூடம் தொறந்த நாள்ல இருந்து இருக்கறவங்க, அவங்க என்ன எழுதுனாங்கன்னு நெனைக்கறீங்க? "நான் இருப்பேனா?" அப்படின்னு எழுதி ஒட்டிட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். அந்தம்மாவும் சிரிச்சாங்க.

அப்பறம் அவன் பேசுனான் பாருங்க, காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும். இனிமே வாத்தியார் முன்னால நின்னு நடத்தற காலமெல்லாம் போச்சாம். கொழந்தை தானாக் கத்துக்குமாம், கிளாஸ் தன்னைத் தானே நடத்திக்குமாம். வட்டமா உக்காந்து பேசிப் பேசிப் படிக்கோணும், கேள்வி கேட்டுட்டே இருக்கோணும்னு என்னென்னமோ சொன்னான். அதெல்லாம் பெங்களூருக்குச் செரி. எனக்கு ஒரே ஒரு விசயம் பளிச்சுன்னு புடிச்சுக்கிச்சு. கிளாஸுக்குள்ள டீச்சர் வேண்டாம்! ரூமுக்கு ஒரு திரை, பாடம் அதுல ஓடும். நல்ல டீச்சரெல்லாம் குதிரைக்காரன்கிட்டப் போனாப் போகட்டும்னு எனக்கு அப்பத்தான் மனசு லேசாச்சு.

ஆனா டீச்சர் இல்லாத கிளாஸ் சந்தைக்கடை ஆயிராதுங்களா? அதுக்கு அவன்கிட்ட பதில் இல்லை. என்கிட்ட இருந்துச்சு. நீங்களும் பாத்திருப்பீங்களே! சாரு டீ குடிக்கப் போவாரு. லீடர் எந்திரிச்சு வந்து சாக்பீஸ எடுத்து, போர்டுல "பேசியவர்கள்"னு எழுதி அடியில ஒரு கோட்டப் போட்டுட்டு நம்மளையே பாத்துட்டு நிப்பான். அவ்வளவுதான், மூச்சு உடுவமா? இத்தனை காலமா ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் இருக்கற சங்கதி, அதைத் திட்டமா எடுத்துக்கோணும்னு ஒருத்தனுக்கும் தோணலை. எங்க காலத்துல சாரு வந்ததும் லீடர் பயலுக்கு ஒரு நெல்லிக்காயக் குடுத்து பேர அழிச்சுக்குவோம். நான் அதை மட்டும் மாத்துனேன். எழுதுனா அழிக்கக் கூடாது. அழிச்ச லீடரு அடுத்த நாள் லீடரா இருக்க முடியாது. எழுதுன பேரு ஆபீஸ் வாசல்ல பெரிய டிவியில ஓடும். பொழுதோட அப்பா அம்மா போனுக்குப் போயிரும். ஒரு பேருகூட எழுதாத கிளாஸுக்கு அந்த வாரம் அமைதிக் கொடி. நீல நெறம், பட்டுத் துணி, நானே திருப்பூருல சொல்லித் தெச்சது.

இன்னொண்ணுங்க, அந்தப் பெங்களூருப் பையன் வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்துப் படமெல்லாம் காட்டுனான். ரூமு அப்படியே தொடச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. ஆகா, இதுதான்டா எதிர்காலம்னு, பை, தண்ணி, டிபனு எல்லாத்தையும் வராண்டாவுல அடுக்கச் சொல்லிட்டேன். உள்ள பெஞ்சு, கொழந்தை, திரை. நாலு ரூமுக்குச் சேத்து வராண்டாவுல ஒரு டீச்சர் நடந்துக்கிட்டே இருப்பாங்க. சத்தம் வர்ற ரூமுக்குள்ள போவாங்க, வராத ரூமத் தாண்டிப் போயிருவாங்க. அமலோற்பவம் டீச்சரை அதுக்குத்தான் போட்டேன். "பாத்தீங்களா டீச்சர், எதிர்காலத்துலயும் இருக்கறீங்க"ன்னேன்.

ஆடி மாசத்துக்குள்ள பாருங்க, என்ற பள்ளிக்கூடத்துல காக்கா கத்துனாக் கேக்கும். அத்தனை புள்ளைங்க இருந்தும்! பெத்தவங்க வந்து வராண்டாவுல நின்னுட்டு வாயப் பொளந்தாங்க. "ஊட்டுல இது ஒரு நிமிசம் வாய மூடாதுங்க, இங்க எப்படிங்க?"ன்னு கையெடுத்துக் கும்பிடறாங்க. தனியார் பள்ளிக்காரங்க சங்கத்துல எதிர்காலப் பள்ளின்னு விருது குடுத்தாங்க. குதிரைக்காரன் மேடைக்கு வந்து எனக்குக் கை குடுத்தான், தெரியுங்களா?

இவதான் அஞ்சாவது பி-க்கு லீடர். நான்தான் போட்டேன். தாளாளர் மக தப்பு உட மாட்டாள்னு ஊருக்குத் தெரியோணுமில்ல? ஆனா மொத வாரம் என்ன பண்ணுனா தெரியுங்களா? பிரதிக்‌ஷான்னு இவளோட கூட்டாளி, லாரி ஓட்டற லோகநாதன் மக. ரெண்டும் ஒரே டிபன்ல திங்கும், ஒண்ணு பேச ஆரம்பிச்சா இன்னொண்ணு முடிக்கும். முந்தி இவ வாயி இருக்குதே, அட கெரகமே! "மாமா, இவள ஷெட்டுக்குள்ள உட்டுராதீங்க, கோழியெல்லாம் கதை கேட்டுட்டு முட்டை போட மறந்துரும்"பான் மச்சினன். அந்தப் பிரதிக்‌ஷா கிளாஸுல பேசிருக்குது, இவ எழுதலை. இன்னொரு புள்ளை வந்து சொல்லிருச்சு. ஊட்டுல உக்கார வெச்சுச் சொன்னேன், அடிக்கலீங்க, நான் கையே வெக்க மாட்டேன், சொன்னேன். "கூட்டாளின்னு பாத்தீன்னா அப்பா பேரு கெட்டுரும் சாமி. நாளைக்கு நீ இந்தப் பள்ளிக்கூடத்தையே நடத்தோணும். நாற்காலில உக்காந்தா கூட்டாளி கெடையாது." ரெண்டு நாள் அழுதா. மூணாம் நாளு பிரதிக்‌ஷா பேர எழுதிட்டா! எனக்குப் பெருமை தாங்கலை. அதுக்கப்பறம் அந்தக் கிளாஸுல எழுதறதுக்கே வேலையில்லை. வாராவாரம் கொடி இவிய ரூமுலதான்.

ஆச்சுங்களா. மாசி மாசம் ஆண்டு விழா. வருசத்துல நெறைய வாரம் கொடி வெச்சிருக்கற கிளாஸுக்குப் பெரிய கோப்பை, விழாவுக்கு வர்ற பெரிய மனுசர் கையால. இவிய கிளாஸுதான்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

அந்தப் பிரதிக்‌ஷாவுக்கு மூச்சிழுப்பு உண்டுங்க. உறிஞ்சற மருந்து ஒண்ணு பையில எப்பவும் இருக்கும். பை வராண்டாவுல.

நான் பொறகு பாத்தேன், கிளாஸ் கேமராவுல. ஒருக்காத்தான் பாத்தேன். அதுல சத்தம் வராது, படம் மட்டுந்தான். திரையில பாடம் ஓடுது. அந்தப் புள்ளை நெஞ்சப் புடிக்குது. பக்கத்துல இருக்கற புள்ளைங்க அதைப் பாக்குது, போர்டப் பாக்குது, இவளப் பாக்குது. ஒண்ணுகூட அசையலைங்க, அத்தனையும் நல்ல வளர்ப்பு. பிரதிக்‌ஷா எந்திரிச்சுக் கதவுப் பக்கம் கைய நீட்டுது. இவ வாயில வெரல வெச்சு உக்காருன்னு காட்டறா. அது உக்காந்துருச்சு. சொன்ன பேச்சு கேக்கற புள்ளைங்க அது, என்ன பண்ணும்? பெஞ்சுல தலையச் சாச்சுக்கிச்சு. அமலோற்பவம் டீச்சர் ஜன்னலத் தாண்டிப் போறது தெரியுது. ஒரு பார்வை பாத்தாங்க. கிளாஸ் அவ்வளவு அமைதியா இருந்துச்சு, தாண்டிப் போயிட்டாங்க.

இவ சாக்பீஸக் கையில வெச்சுக்கிட்டே பிரதிக்‌ஷாவையே பாத்துட்டு நிக்கறா. நெம்ப நேரம் நின்னா. அப்பறம் சாக்பீஸு கீழ உழுகுது. இவ வாயி தொறக்குது. இவ்வளவு பெருசாத் தொறக்குதுங்க. என்ன கத்துனான்னு தெரியலை, படத்துல சத்தமில்லையே. வெளிய ஓடறா. பொறகு டீச்சர் ஓடியாறாங்க, டிரைவர் ஓடியாறாரு, பெஞ்செல்லாம் உருளுது, அந்தப் புள்ளையத் தூக்கிட்டு ஓடறாங்க.

வழியிலயே போயிருச்சுங்க.

என்ன பண்ணறது தம்பி, அந்தப் புள்ளையோட விதி. போலீஸ் வந்துச்சு, அதிகாரிங்க வந்தாங்க, கேட்டாங்க, போனாங்க. இழுப்பு இருந்த புள்ளை, எங்க இருந்திருந்தாலும் நடந்திருக்கும்னுதான் நானும் சொன்னேன். அமலோற்பவம் டீச்சர் அன்னிக்கே வேலைய உட்டு நின்னுக்கிட்டாங்க. என்ற ரூமு வாசல்ல நின்னு அழுதாங்க, "ஒரு சத்தம் கேட்டிருந்தாக்கூட ஓடியாந்திருப்பேனே சார்"னு. நான் எந்திரிச்சு ஃபேனப் போட்டேன்.

ஆனா இதைக் கேளுங்க. இதைச் சொல்லத்தான் வந்தேன். எல்லாரும் அந்தப் புள்ளையத் தூக்கிட்டுப் போனப்பறம் கிளாஸே காலி. இவ ஒருத்தி மட்டும் திரும்பி வர்றா. கீழ கெடந்த சாக்பீஸ எடுக்கறா. போர்டுல காலையில எழுதுன "பேசியவர்கள்" அப்படியே இருக்குது. அதுக்குக் கீழ எழுதறா, கவினயா. தன் பேர, தானே! ஆரு இருக்கறா அங்க பாக்க? ஒருத்தரும் இல்லை. அந்த நேரத்துலயும் சட்டத்த மீறலை பாருங்க என்ற மக! சங்கத்துக் கூட்டத்துல இதைச் சொன்னேன், நேர்மைன்னு நாம எதைத் தேடறமோ அது இந்தக் கொழந்தைகிட்ட இருக்குதுன்னாங்க. அந்த வாரம் கொடி அஞ்சாவது ஏ-க்குப் போயிருச்சு. பேரு எழுதிருந்துச்சே, நான் என்ன பண்ண முடியும்? என்ற மகன்னு பாக்கலீங்க நான்.

அன்னிக்கு இருந்துதான்.

மொதல்ல நான் கண்டுக்கலை. புள்ளைக்குப் பக்குவம் வந்துருச்சுன்னு நெனச்சேன். சோறு வேணுமா, தலையாட்டுவா. வேண்டாமா, ஆட்டுவா. என்ற சம்சாரம் மடியில போட்டுக்கிட்டு, "ஒரு தடவ அம்மான்னு சொல்லுடி"ன்னு கெஞ்சுவா. இவ அவ மூஞ்சியவே பாத்துட்டு இருப்பா. சாமியாடியும் பாத்தாச்சு, சேலத்து டாக்டரும் பாத்தாச்சு. இப்பெல்லாம் ஊட்டுல நான் சும்மா உக்காந்துக்கிட்டு இவ ரூமுப் பக்கமே காதக் குடுத்துட்டு இருக்கறேன். ஒரு இருமலாச்சும் வருமான்னு. பயமா இருக்குதுங்க தம்பி. நெசமாச் சொல்லறேன், எனக்குப் பயமா இருக்குது.

என்ன கேட்டீங்க? திட்டமா? ஏன் நிறுத்தறேன்? இந்த வருசம் முந்தியவிட எச்சாச் சேந்திருக்கறாங்க. ரெண்டாங் கட்டம் ஆரம்பிச்சாச்சு, சோறு திங்கற நேரமும், பஸ்ல வர்ற நேரமும் அமைதி. பஸ்ஸுக்கும் ஒரு லீடர். ஒரு புள்ளைக்கு முடியாமப் போச்சுன்னு எதிர்காலத்த நிறுத்த முடியுங்களா? உங்களுக்குப் பையன் இருக்கறான்னீங்கல்ல, நெம்பப் பேசுவானா? கொண்டாந்து சேத்துங்க. உங்களுக்குன்னா நான் பாத்துப் பண்ணித் தாறேன். தீவாளி லீவு முடியறதுக்குள்ள ஊட்டுல ஒரு சத்தம் இருக்காது.

ஈரோடு தாண்டியாச்சுங்களா? மழையில ஒண்ணும் தெரியலை. கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சு கெடக்குது.

அட! அட, இங்க பாருங்க தம்பி! எழுதறா! ஜன்னல் கண்ணாடில வெரலால எழுதறா பாருங்க! இத்தனை மாசமா எழுதவும் மாட்டா, பென்சிலக் குடுத்தாக் கீழ வெச்சுருவா. நீங்க ஏறுனதும் பேரு கேட்டீங்கல்ல, அதான் எழுதறா. நல்ல நேரம் பொறந்துருச்சு எனக்கு. சாமி, கையக் கொஞ்சம் எடு கண்ணு, அண்ணன் பாக்கட்டும். அப்பாவும் பாக்கறேன், எடு.

பே... சி... ய...

செரி. அடியில கோடும் போட்டிருக்கறா. அதுக்குக் கீழ ஒரு பேரு.

அப்பா.

சாமி, இது அந்தப் பேச்சு இல்லை கண்ணு. அப்பா சும்மா அண்ணன்கிட்ட நாலு வார்த்தை பேசிட்டு வந்தேன். இது பஸ்ஸு. கிளாஸ் இல்லை. அழிச்சிரு. உள்ளங்கையால ஒரு இழுப்பு இழுத்தாப் போயிரும், அழிச்சிரு தங்கம். அப்பா சொல்லறேன்ல? அப்பாதான் சொல்லறேன்!

அழிக்க மாட்டா தம்பி. எழுதுனா அழிக்கக் கூடாது.

தம்பி, உங்க பேரென்ன? இத்தனை நேரம் நான் கேக்கவே இல்லை பாருங்க. சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, அவ எழுதட்டும். கீழ எடம் உட்டுத்தான் வெச்சிருக்கறா. எழுதட்டும், ஒண்ணும் ஆகாது, உங்க ஊட்டுக்கெல்லாம் சேதி வராது. எதாச்சும் பேசுங்க தம்பி. கண்டக்டருகூட உக்காந்துட்டாரு. பின்னால இருந்த பொம்பளைங்க எத்தனை பேச்சுப் பேசிட்டு வந்தாங்க, அவங்களும் அடங்கிட்டாங்க. ஏன் இப்படி அடங்கிப் போச்சு?

தம்பி, நீங்க ஏன் பேச மாட்டேங்கறீங்க?